தரையில் இருப்பவள்

குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து ஈரத்தைத் துடைத்தபோது, அவளுடைய வலது குதிகாலின் தோல் துவாலையோடு கழன்று வந்துவிட்டது. வலி இல்லை, ரத்தம் ஒரு சொட்டு இல்லை. வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல, குதிகாலின் வடிவம் மாறாமல் கிண்ணமாகக் குழிந்து துவாலையின் மேல் கிடந்தது. முடிதிருத்தும் நிலையத்தில் காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றே பிழைக்கிறவள் அவள். எந்தக் களிம்புக்கும் அடங்காத அந்தக் குதிகால் வெடிப்புகள் அவளுக்கு அவ்வளவு பழக்கம். இப்போது அவை இருந்த இடத்தில் பிறந்த குழந்தையின் பாதம்போல இளஞ்சிவப்பாக, மெத்தென்று, ஒரு கோடுகூட இல்லாத புதுத் தோல்.

"அடேங்கப்பா! சினிமாக்காரி கால் மாதிரி இருக்கே. நான் கொடுத்து வச்சவன்தான்" என்றான் கணவன், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே.

அவளும் சிரித்தாள். ஆனால் எழுந்து நின்றபோது, தரை ஓட்டின் குளிர் தடுப்பே இல்லாமல் எலும்புவரை ஏறியது. குனிந்து பார்த்தாள். கட்டைவிரலின் மேல் முட்டியிலும் புறங்காலிலும் தோல் கறுத்து, தடித்து, செருப்புத் தோல்போலக் காய்த்திருந்தது. எதுவும் உரசாத இடம். எதன்மேலும் படாத பக்கம்.

அவளுடைய அக்கா அப்போது பூமிக்கு மேலே, சுற்றிவரும் விண்வெளி நிலையத்தில் இருந்தாள். இருவரும் இரட்டையர். ஒரே முகம், ஒரே ரத்தம். எடையில்லாத இடத்தில் மனித உடம்பு என்ன பாடுபடுகிறது என்று நான்கு நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாட்டுக்கு எலும்பு, ஒன்றுக்குக் கண், ஒன்றுக்கு ரத்தம், ஒன்றுக்குத் தோல். மேலே போனவளோடு ஒப்பிட, அதே உடம்புள்ள ஒருத்தி கீழே, எப்போதும்போல வாழ்ந்துகொண்டு இருக்க வேண்டும். "நீ ஒண்ணுமே செய்ய வேணாம்டி, சும்மா இருந்தா போதும்" என்று அக்கா சொல்லித்தான் ஒப்புக்கொண்டாள். ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோரும் அவளைத் 'தரை ஆள்' என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வாரமே முகம் ஊதத் தொடங்கியது. வேலை செய்யும் இடத்தில் சுவரெங்கும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பிய கன்னங்களும், புடைத்த கழுத்து நரம்புகளும், வழக்கத்தைவிட மெலிந்த கால்களும் அவளைத் தொடர்ந்து வந்தன. தலைச்சாயத்தின் நெடியும் சூடான ஈர முடியின் வாசனையும் அவளுக்கு எட்டாமல் போயின. மூக்கு ஓயாத ஜலதோஷம் போல அடைத்தே கிடந்தது. உலர்த்தும் கருவியின் இரைச்சல் மட்டும் தலைக்குள்ளேயே ஓடுவதுபோலக் கேட்டது.

"என்னம்மா, முகம் பூரிச்சுப் போயிருக்கு. ஏதும் விசேஷமா?" என்று கேட்டாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாடிக்கைக்காரி.

"விசேஷமெல்லாம் ஒண்ணுமில்லக்கா. தூக்கமில்ல, அவ்வளவுதான்."

தூக்கமில்லை என்பது உண்மை. படுத்தால் கீழே விழுந்துகொண்டே இருந்தாள். மெத்தை முதுகில் படுவது தெரியும். கணவனின் மூச்சு கேட்கும். ஆனாலும் வயிறு மேலே ஏறி, அடியில்லாத கிணற்றில் போவதுபோல ஒரு சரிவு. எழுந்து நடப்பாள். உட்காருவாள். திரும்ப எழுவாள். எங்கே உட்கார்ந்தாலும் அவளுடைய கால்கள், அவளைக் கேட்காமலே, எதையாவது தேடின. நாற்காலியின் குறுக்குக் கட்டை, கட்டிலின் அடிச்சட்டம், சமையல் மேடைக்குக் கீழே ஓடும் குழாய். அவற்றின் அடியில் புறங்காலைச் செருகி மாட்டிக்கொண்ட பிறகே நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையடியில் அப்படி மாட்டியிருந்த அவள் கால்களைக் கணவன் பார்த்தான். அன்றைக்கு அவன் கேலி செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா திரையில் வருவாள். அந்த வாரமும் வந்தாள். முடி நாலா பக்கமும் விரிந்து மிதக்க, ஒரு கம்பிக்கு அடியில் புறங்காலைச் செருகிக்கொண்டு, சிரித்தபடி.

"சிட்டு! இங்க வந்தா எல்லாருக்கும் மூஞ்சி வீங்கும், மூக்கு அடைக்கும். எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லடி. கூட இருக்கிறவங்க பொறாமையில சாகறாங்க."

அக்காவின் முகம் ஒடுங்கி, அளவாக, அவளுடைய பழைய முகம்போலவே இருந்தது. திரையின் ஓரத்தில் சிறிய கட்டத்தில் அவளுடைய இப்போதைய முகம் தெரிந்தது. ஊதி, பளபளத்து. இரண்டில் எது மேலே இருக்கும் முகம் என்று தெரியாதவரைக் கேட்டால் தப்பாகத்தான் சொல்வார்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது எலும்பைப் படமெடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார்கள். ஒவ்வொரு நாட்டுக்காரரும் தங்கள் தங்கள் நிறப் பெட்டியில் எடுத்ததை வைத்து முத்திரை போட்டார்கள். தோல் டாக்டர் வேறொரு நாட்டுப் பெண். உயரமானவள், அதிகம் பேசாதவள். பாதத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தெடுத்தவள், கையில் பிடித்த காலை விடாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன டாக்டர்? சொல்லுங்க" என்றாள் அவள்.

ஒருங்கிணைப்பாளரான பெரிய டாக்டர் முந்திக்கொண்டார். "எங்க யாருக்கும் இப்ப எதுவும் தெரியாதும்மா. உங்க முடிவுகளை அவங்க இறங்கின பிறகு நாலு நாடும் ஒண்ணா உட்கார்ந்துதான் திறக்கணும். அதான் ஒப்பந்தம். நடுவுல யாராவது பார்த்தா மொத்த ஆராய்ச்சியும் பாழாயிடும்."

"எனக்கு உடம்பு சரியில்ல சார்."

"டென்ஷன்தான். கூடப்பிறந்தவங்க அவ்வளவு உயரத்துல இருக்கும்போது வராதா? நல்லா சாப்பிடுங்க, நடங்க."

அவர் போன பிறகு தோல் டாக்டர் அவளுக்குக் காலுறையை மாட்டிவிட்டாள். குழந்தைக்கு மாட்டுவதுபோல மெதுவாக. பிறகு குனிந்தபடியே, சொல் சொல்லாகக் கோத்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"உங்க அக்கா... தரையில் கால் வைக்கல. பல மாசம். ஆனா குதிகால்ல... வெடிப்பு. புதுசா. ஆழமா."



அதற்குப் பிறகு ஒரு காலை, குளியலறையில் அரை வாளித் தண்ணீரைத் தூக்கியபோது மணிக்கட்டு உடைந்தது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். பக்கத்து ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த எலும்பு மருத்துவர், படத்தின் ஓரத்தில் இருந்த வயதை இரண்டு முறை படித்தார். "இது உங்க படம்தானா? மாத்திக் கொடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். மாற்றித்தான் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல நினைத்தாள்.

மாவுக்கட்டோடு அக்காவின் அழைப்புக்காகக் காத்திருந்தாள். கணவனை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அக்கா வரும்போதே கூவிக்கொண்டு வந்தாள். "சிட்டு, கேட்டியா? என் உடம்பு இவ்வளவு நல்லா இருக்குன்னு நாலு நாடும் சேர்ந்து முடிவு பண்ணியிருக்காங்க. என்னை இன்னும் கொஞ்ச மாசம் இங்கயே இருக்கச் சொல்றாங்க. வெளிவேலைக்கும் என்னைத்தான் அனுப்பறாங்க. நிலையத்துக்கு வெளிய! எத்தனை வருஷக் கனவு தெரியுமாடி?"

"அக்கா. கீழ வந்துடு."

"என்னது?"

கட்டுப்போட்ட கையைக் காட்டினாள். முகத்தை விளக்கருகே கொண்டுபோனாள். பாதத்தைத் தூக்கி அக்காவுக்குத் தெரியும்படி பிடித்தாள், முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். "உனக்கு வர வேண்டியதெல்லாம் எனக்கு வருதுக்கா. நான் செத்துப்போயிடுவேன் போல இருக்கு."

அக்கா மறுக்கவில்லை. சிரிக்கவில்லை. முடி மட்டும் தலையைச் சுற்றி மெல்ல அசைந்தது. பிறகு தன் வலது கையைத் திரைக்கருகே கொண்டுவந்தாள். கட்டைவிரலின் உட்பக்கம் ஒரு காய்ப்பு. மஞ்சளாக, வட்டமாக. கத்திரிக்கோல் பிடிப்பவர்களுக்கு வருவது.

"இது வந்தப்பவே தெரியும்" என்றாள் அக்கா.

"எப்ப வந்துச்சு?"

"இங்க வந்து கொஞ்ச நாள்லயே."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா இறக்கிடுவாங்கடி." அக்காவின் குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. "இந்த வெளிவேலை ஒண்ணு முடியட்டும். ஒரே ஒரு தடவை. முடிச்ச உடனே நானே கேட்டு இறங்கிடறேன். சத்தியமா. எனக்காகப் பொறுத்துக்கோடி, சிட்டு. சின்ன வயசுலருந்து நீதானே எனக்கு எல்லாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திரையில் தன் பழைய முகம் அழுதுகொண்டிருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு நின்றது. எப்போதும்போல அவள்தான் விட்டுக்கொடுத்தாள்.

"சரி. சீக்கிரம் வா."

அந்த நாளும் வந்தது. நல்ல வெயில். கை ஒடிந்திருந்ததால் வேலை இல்லை என்றாலும் வீட்டில் தனியாக இருக்க முடியாமல் முடிதிருத்தும் நிலையத்துக்கு வந்துவிட்டாள். முதலாளியம்மா அவளை நடு நாற்காலியில் உட்கார வைத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள். தலையில் சாயம் அப்பிய ஒருத்தி, பாதி முடி வெட்டிய ஒருத்தி, தெருவில் போன இரண்டு பேர், எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"நம்ம பொண்ணோட அக்கா! முகத்தைப் பாருங்க, அச்சு அசல்!" என்று முதலாளியம்மா பெருமையடித்துக்கொண்டாள்.

கறுப்பு. அதில் வெள்ளை உடுப்போடு அக்கா. கூட வந்தவரின் கேமரா அவளை நெருங்கிக் காட்டியது. தலைக்கவசத்துக்குள் முகம், கண்ணாடிக்குப் பின்னால், மலர்ந்து. கீழே நீலமாக உலகம் உருண்டது. இங்கே, அவளுடைய புறங்கால் நாற்காலியின் மிதிகட்டைக்கு அடியில் தானாகச் செருகிக்கொண்டது. வேலை நடந்தது. திருகினார்கள், மாட்டினார்கள். நேரம் போனது. முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அக்காவின் இடது கை எதிலோ சிக்கியது. இழுத்தாள். திரும்ப இழுத்தாள்.

பல மொழிகளில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அறிவிப்பாளரின் குரல் மாறியது. கையுறை கிழிந்துவிட்டது. உடுப்புக்குள்ளிருந்து காற்று வெளியேறுகிறது. இன்னும் வெளியேறுகிறது. உடனே உள்ளே இழுக்கச் சொல்லிக் கத்துகிறார்கள்.

"ஐயோ, கடவுளே!" முதலாளியம்மா அவளுடைய தோளைப் பிடித்தாள்.

எல்லாக் குரல்களையும் மீறி அக்காவின் குரல் வந்தது. நிதானமாக.

"பதறாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

கீழே, அவளுடைய நாக்கின் நுனியில் ஏதோ நுரைத்தது.

சோடா குடித்தால் வருமே, அதுபோல. ஓரங்களில். பிறகு அடியில். எச்சில் குமிழ் குமிழாக எழுந்து உடைந்தது. கொதித்தது. சூடே இல்லை. குளிர். நாக்கு விறைக்கும் குளிர்.

கத்த வாயைத் திறந்தாள். நெஞ்சிலிருந்த காற்று முழுவதும் தானாக வெளியே ஓடியது. உள்ளே இழுத்தாள். எதுவும் வரவில்லை. மின்விசிறி தலைக்கு மேலே சுற்றியது. அந்தக் காற்று நெற்றி முடியைக் கலைத்தது. வாய்க்குள் மட்டும் வரவில்லை.

காதில் படீரென்று ஏதோ அடைத்தது. அப்புறம் சத்தமே இல்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். சத்தமில்லாமல். சாயம் பூசியவள் அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா பிழைத்துவிட்டாள். முதலாளியம்மா தொலைக்காட்சியையே பார்த்தபடி, அவள் தோளைப் பிடித்து மகிழ்ச்சியில் உலுக்கினாள்.

அவள் கையைத் தூக்கினாள். கை வீங்கிக்கொண்டிருந்தது. மாவுக்கட்டு நடுவில் பிளந்தது.

சுவரெங்கும் கண்ணாடி. ஒவ்வொன்றிலும் அவளுடைய முகம். திறந்த வாய். உதட்டின் மேல் கொதிக்கும் நுரை. அத்தனைக்கும் நடுவே ஒரு திரை. அதிலும் அதே முகம். அது மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஆழமாக, அவசரமில்லாமல். ஒவ்வொரு மூச்சுக்கும் கவசத்தின் கண்ணாடி லேசாகப் பனித்து, தெளிந்து, பனித்தது.