வளர்ப்பு வீட்டிலிருந்து வந்தவன்

அரசி தெர்வாலுக்கு மூன்று நாளாக இருப்புக்கொள்ளவில்லை. ஷானன் ஆற்றங்கரையில் இருந்த நீதிபதி சென்கானின் வீட்டுக்கு வந்தவள், போட்ட ஆசனத்தில் உட்காராமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசினாள்.

"நாளைக்குச் சபை கூடுது ஐயா. பத்து வருஷம் வளர்ப்பு வீட்டுல இருந்துட்டு வந்திருக்கானே, அந்தப் பையன் நான் பெத்த அய்லில்தான்னு சத்தியம் பண்ணணும். பண்ணினா அவன்தான் அடுத்த ராஜா."

"பண்றதுல என்ன தடை?"

"அவனப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. நம்ம வழக்கப்படி ஏழு வயசுல ஒரு குடியானவன் வீட்டுல வளர அனுப்பினேன். முகம் மாறும்தான். ஆனாலும்..."

சத்தியம் செய்ய மறுத்தால் இளைய தாரத்தின் மகனுக்குப் பட்டம். தெர்வால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வந்தவன் உண்மையிலேயே அவள் மகன் என்றால் அது இன்னும் பெரிய பாவம். அரசர் பெர்க்னாவோ இரண்டு மாமனார் வீடுகளைச் சமாளித்தே நரைத்துப்போனவர். "பெத்தவளுக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று நழுவிவிட்டார்.

சென்கானின் மைத்துனன் ஃபேலான் யாழ் வாசிப்பவன். துப்பு என்றால் முந்திக்கொள்வான். "மச்சான், உடம்புல தழும்பு கிழும்பு இருக்கான்னு பாத்துருவோமா?"

"நீ சும்மா இருடா. அம்மா, வந்ததிலேருந்து பையன் என்ன பண்ணினான்?"

"முதல் நாள் கஞ்சியில தேன் ஊத்த வந்தாங்க. வேண்டாம்னுட்டு உப்பு வெண்ணெய் கேட்டான். நேத்து தானியம் காயவைக்குற சூளையில ஓட்ஸ் கருகுற வாசனை. வேலைக்காரங்களுக்கு முன்னாடி இவன் ஓடிப்போய்ப் பதமா கிளறிவிட்டான். ராஜா பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்புன்னு எல்லாரும் மெச்சினாங்க."

சென்கான் உடனே ஃபேலானையும் கூட்டிக்கொண்டு அரசியோடு அரண்மனைக்குப் புறப்பட்டார். பையனை உட்காரவைத்து, எதிரே சதுரங்கம் போல ஆடும் காய்ப்பலகையை விரித்து, "நீயே முதல்ல ஆடு," என்றார். பையன் காய்களையே வெறித்துப் பார்த்தான். கை நகரவில்லை.

"வளர்ப்புச் சட்டப்படி, ஒரே வீட்டுல வளர்ந்தாலும் ஒரே சாப்பாடு கிடையாது," என்றார் சென்கான். "ராஜா பிள்ளைக்குத் தேன். குடியானவன் பிள்ளைக்கு உப்பு வெண்ணெய்."

"எனக்குக்கூடத்தான் தேன் பிடிக்காது," என்றான் ஃபேலான்.

"இவனுக்கும் பிடிக்காமலே போகட்டும். ஆனா ராஜா பிள்ளைக்குக் காய் ஆடச் சொல்லிக்குடுக்கலன்னா வளர்த்தவன் அபராதம் கட்டணும். சூளை வேலை குடியானவன் பிள்ளைக்குத்தான் கத்துக்குடுப்பாங்க. இவனுக்கு ஆட்டம் தெரியல, சூளை கைவந்த கலையா இருக்கு. தம்பி, நீ அந்த வீட்டுப் பிள்ளைதானே?"

பையன் பலகையைத் தள்ளிவைத்தான். "என் பேரு துபான். அய்லில் ரெண்டாவது குளிர்காலத்துலயே காய்ச்சல்ல போயிட்டான். ராஜாகிட்டச் சொல்ல அப்பாவுக்குப் பயம். என்னையே அவனா அனுப்பிட்டாரு."

ஃபேலான் காவலாளியைக் கூப்பிட எழுந்தான். தெர்வால் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். பட்டமும் அரண்மனையும் அவளுக்கு மறந்தே போயின. பையனுக்கு அருகில் போய் நின்றாள்.

"கடைசி நேரத்துல... அம்மான்னு கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்." துபான் தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மாவ."



"உங்கம்மா அவன நல்லாத்தான் வளர்த்திருக்கா," என்று சொல்லும்போதே தெர்வாலுக்கு அழுகை வெடித்துவிட்டது.