உள்ளே ஆளில்லை

இயந்திரம் நின்று ஒரு மணி நேரமாகியும் நாலாவது மீட்டர் மட்டும் முப்பத்தேழிலிருந்து இறங்கவில்லை.

சர்க்கரையை ஆறவைக்கும் இயந்திரம் அது. சுடச்சுட வரும் சர்க்கரை மூன்று மாடி உயர எஃகுப் பெட்டியின் தலையில் விழுந்து, உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடும் தகடுகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்து இறங்கி, அடியில் முப்பது டிகிரியில் வெளியே வந்து மூட்டைக்குப் போகும். இப்போது பெட்டி காலி. தண்ணீர் மட்டும் ஓடுகிறது. மூலைக்கு ஒரு மீட்டர். மற்ற மூன்று மூலைகளும் இருபதுக்கு இறங்கிவிட்டன. நாலாவது மூலையில் மட்டும் உடம்புச் சூடு.

ஆபரேட்டருக்கு அந்தச் சூடு பதினொரு நாளாகத் தெரியும்.

அன்றைக்குப் பெட்டியைக் கழுவ இறங்கியவன் ஊசி. ஆள் அவ்வளவு ஒல்லி. அவன் வந்தாலே "ஃபேனை நிறுத்துங்கப்பா, ஊசி பறந்துடுவான்" என்று கேலி செய்வார்கள். மூடியை மூடும் முன் மரச்சுத்தியலால் பெட்டியை மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு மூன்று தட்டுவான். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஆபரேட்டர் தட்டவில்லை. பதிவேட்டில் 'உள்ளே ஆளில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்.

மறுநாள் ஏணியடியில் ஊக்கு குத்திய ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. செருப்பைக் கழற்றாமல் யாரும் ஏணியில் ஏறுவதில்லை. அப்போதாவது இயந்திரத்தை நிறுத்தியிருக்கலாம். அவர் செருப்பைக் காகிதத்தில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "சொல்லாம கொள்ளாம போயிட்டான் சார்" என்று ஃபோர்மேனிடம் சொன்னார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் வெட்கத்தில் கூனிக் குறுகுகிறார். வீட்டில் மனைவி சர்க்கரை டப்பாவைத் திறந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

"நாலாவது பக்கம் என்ன அடைச்சிருக்குன்னு எட்டிப் பாருய்யா!" ஏணி உச்சியில் நின்ற ஆபரேட்டரைப் பார்த்துக் கீழிருந்து ஃபோர்மேன் கத்தினார். அவர் பக்கத்தில் ஊசியின் மனைவி நின்றாள். தினமும் கேட்டில் நிற்பவளை இன்று அவரே உள்ளே அழைத்து வந்திருந்தார்.

"அண்ணே, அவரு வேலை செஞ்ச இடத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்" என்றாள் ஆபரேட்டரை அண்ணாந்து பார்த்து.

மூடி திறந்திருந்தது. உள்ளிருந்து காய்ச்சிய பாகின் வாசனை, அதற்கு அடியில் வியர்வை வாசனை. ஆபரேட்டரின் கையில் டார்ச் இருந்தது. அதைப் போட மனம் வரவில்லை. பகல் வெளிச்சம் மூடியின் விளிம்போடு நின்றுவிட்டது. சுத்தியலை எடுத்தார். மூன்று முறை தட்டினார்.

தண்ணீர் ஓடும் சத்தம்.

பிறகு உள்ளிருந்து, மெதுவாக, ஒன்று.

இரண்டு.

மூன்று.

"பாத்தியா? உள்ள யாராவது இருக்காங்களா?" ஃபோர்மேன் மறுபடி கத்தினார்.

சொல்லிவிடலாம். இப்போது சொன்னால்கூடப் போதும். கீழே அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு நேராக, பதினொரு நாளைச் சொல்ல வேண்டும். செருப்பைச் சொல்ல வேண்டும்.

"யாரும் இல்ல சார்."

உள்ளே தட்டல் வேகமானது. தடதடவென்று. அவர் மூடியை அழுத்தி மூடினார். திருகினார். கையெழுத்துப் போட்டார். மேலே வால்வு திறந்தது. சர்க்கரை மழைபோல் இறங்கியது. தட்டல் நின்றது.

நான்கு மீட்டர்களும் ஏறின. முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தேழில் நான்கும் நின்றன.

அவர் ஏணியில் இறங்கினார். கடைசிப் படி. தன் செருப்பைக் காலால் துழாவினார். இல்லை.

"அண்ணே," என்றாள் அவள், குனிந்தபடி. "இது அவரு செருப்பு. நான் குத்திவிட்ட ஊக்கு."

ஈரமான செருப்பு. ஏணியைப் பார்த்து, ஒழுங்காகக் கழற்றி வைத்ததுபோல். அவள் ஒன்றை எடுத்துச் சாய்த்தாள். சர்க்கரை கொட்டியது. அவள் கையை மூடியது, காலை மூடியது. ஆவி பறந்தது. கொட்டுவது நிற்கவே இல்லை. அவள் செருப்பைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.