தங்கையின் கையில் எடுத்த மாதிரி

பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த அந்த வார்டுக்கு அவள் பட்டப்பகலில்தான் போனாள். ஜன்னல் திரைகள் பாதி இழுத்துவிடப்பட்டிருந்தன. மருந்து நெடிக்கு அடியில் லேசாகப் புளித்த மாவு வாடை. இரண்டே மாதத்தில் அங்கே மூன்று பேர் ரத்தத்தில் ஈஸ்ட் என்ற பூஞ்சை பரவி இறந்துபோயிருந்தார்கள்.

பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவள் அவள். கட்டில் கம்பி, குழாய், ஊழியர்களின் கை என்று ஒன்றுவிடாமல் பஞ்சுக் குச்சியால் ஒற்றி மாதிரி எடுத்தாள். கடைசியாக நீண்டது தங்கையின் கை. அந்த மூன்று பேரையும் கவனித்த நர்ஸ் தங்கைதான். அதனால் எல்லார் கண்ணும் அவள்மேல்தான்.

"தங்கச்சின்னு பாவம் பாக்காதீங்கம்மா," என்றார் தலைமை மருத்துவர். "கையில இருக்கறது பொருந்துச்சுன்னா அவ வேலை போயிடும்."

அன்றைக்கே தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஈஸ்ட் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். மரபணுவைப் பிரித்து, ஜெல் என்ற கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வகைக்கு ஒரு விதமாகப் பட்டைகள் விழும்.

மூன்று நோயாளிகளின் பட்டைகளும் அச்சு அசலாக ஒன்று. தங்கையின் கையில் இருந்ததோ வேறு வகை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் சும்மா ஒப்பிட்டுப் பார்க்க உறைபெட்டியிலிருந்து எடுத்து ஓட்டிய ஒரு பழைய மாதிரி, அந்த மூன்றோடும் பொருந்தியது.

ஒன்பது வருடத்துக்கு முன், அதே வார்டில் வேலை பார்த்து, அதே வார்டில் படுத்து இறந்த ஒரு நர்ஸின் ரத்தத்தில் வளர்ந்த ஈஸ்ட் அது.

வார்டில் இத்தனை வருடம் உயிரோடு இருந்திருந்தால் ஒரு பட்டையாவது மாறியிருக்க வேண்டாமா? அந்தப் பழைய மாதிரி இருந்த குப்பியின் முத்திரையை முதன்முதலில் உடைத்ததே அவள்தான். யார் கை வைத்திருப்பார்கள்? அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. மறுபடி ஓட்டினாள். அதேதான்.

"உறைபெட்டியிலேர்ந்து எழுந்து வந்துச்சாக்கும்!" மருத்துவர் எரிந்து விழுந்தார். "நீங்கதான் எதையோ கலந்து விட்டிருக்கீங்க. தங்கச்சி கையில இன்னொரு தடவை எடுங்க."

வீட்டில் அடைந்து கிடந்த பத்தாம் நாள் காலையில், தங்கை சிரித்தபடி கையை நீட்டினாள். "வாசப்படிகூடத் தாண்டலக்கா. என்ன கிடைச்சிடப் போகுது உனக்கு?"

மூன்று நாள் கழித்து, மத்தியானம், விளக்குக்கு அடியில் ஜெல்லை வைத்தாள். கடைசி வரிசை மெல்லத் தெரிந்தது.

அதே பட்டைகள்.

மூன்று முறை எண்ணினாள். போனை எடுத்தாள்.

"வார்டுப் பக்கம் போனியாடி? உண்மையச் சொல்லு."

"சத்தியமா இல்லக்கா."

"வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல. மத்தியானம் நான் தூங்குறப்போ நீ வந்து என் கையப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பியே, அவ்ளோதான்."

மத்தியானத்தில் அவள் ஒருநாள்கூடப் பரிசோதனைக்கூடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உன் கை அப்படிச் சில்லுன்னு இருந்துச்சு. கண்ணத் தொறக்காமலே நானும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

தங்கையின் பற்கள் தந்தியடிக்கும் சத்தம் போனில் கேட்டது.

"நேத்துலேர்ந்து எனக்கும் குளிருதுக்கா."