நாலாம் பக்கத்துச் சோறு

சஹனின் நாலாவது பக்கத்தில் சோறு குழிந்திருந்தது.

ஹபீப் முகம்மது முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று பேர் சஹன் என்கிற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து தின்றால் சோறு சரியத்தான் செய்யும். ஆனால் சரிகிற சோறு ஓரத்தில் வந்து குவியும். இங்கே ஓரத்திலிருந்து நடுவை நோக்கி யாரோ வழித்து எடுத்திருந்தார்கள். விரல்கள் போன தடம் பேட்டரி விளக்கின் வெளிச்சத்தில் நெய்யோடு மினுங்கியது. அந்தப் பக்கம் ஒருவரும் உட்காரவில்லை. அங்கே இருந்தது கல் சுவரும், சுவரோரம் ஆள் உயரத்துக்கு நின்ற ஒரு மண் ஜாடியும்தான்.

"யாருடா அந்தப் பக்கம் கை வச்சது?" என்று கேட்டான்.

"நான் இல்ல காக்கா," என்றான் தம்பி ராஜிக்.

"என்னையப் பாக்காதீங்க மச்சான். எங்கே சோறு காணாமப் போனாலும் பழி எனக்குத்தானா?" என்றான் முகம்மது சித்தீக். ஹபீபின் தங்கை ரம்ஸியாவின் மாப்பிள்ளை. சாப்பாட்டு விஷயத்தில் அவனை நம்ப முடியாது என்பது குடும்பத்துக்கே தெரியும். ஆகவே ஹபீப் அத்தோடு விட்டுவிட்டான்.

இந்தப் பயணமே சித்தீக்கின் பைத்தியக்காரத்தனம். பர் துபாயில் அவர்களுடைய துணிக்கடைக்கு எதிரே ஒரு டிராவல்ஸ் ஆபீஸ் இருந்தது. அதன் கண்ணாடியில் ஒரு போஸ்டர். ஐரோப்பாவில் எங்கேயோ உறைந்த பனிமலை மேல், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். ராத்திரிக்கு ஒரு மலைக்குடில், மறுநாள் இன்னொரு குடில். சித்தீக் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். விசாவும் கிடைக்காது, காசும் கட்டாது. கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு ராஸ் அல் கைமா மலைக்கே போவதென்று முடிவாயிற்று. பனி கிடையாது. ஆனால் கயிறு உண்டு, வழிகாட்டி உண்டு, தங்குவதற்கு மலைக்காரர்களின் பழைய கல் வீடுகளும் உண்டு.

பக்கத்துக் கடை வைரவனும் வருவதாக இருந்தது. கிளம்புகிற அன்று அவன் முதலாளி லீவு இல்லை என்றுவிட்டார். நாலு பேருக்குக் கட்டிய சாப்பாட்டோடு மூன்று பேர் கிளம்பினார்கள்.

அந்தக் கல் வீடுகளை நினைத்தாலே ஹபீபுக்கு மூச்சு முட்டியது. தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியவை. குனிந்து, படி இறங்கி, இருட்டுக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். வெயில் காலத்தில் மலைக்காரர்கள் தானியத்தையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்கு இறங்கிப் போவார்களாம். ஜாடிகள் வாசலைவிடப் பெரியவை. முதலில் ஜாடியை வைத்துவிட்டு அப்புறம்தான் சுற்றிச் சுவர் எழுப்புவார்களாம். பழைய கோதுமையும் ஆட்டு மயிரும் ஈர மண்ணும் கலந்த ஒரு நாற்றம். உள்ளே பேசினால் குரல் எங்கேயும் போகாமல் வாயருகிலேயே நின்றது.

வழிகாட்டி சுலைமான் அதே மலைக்காரன். முழ நீளச் சாவியைப் போட்டு மரப்பூட்டைத் திறந்துவிட்டு, "அந்தர் கானா மாஃபி," என்று ஒரே ஒரு தடவை சொன்னான். உள்ளே சாப்பிடக் கூடாதாம், வெளியேதானாம். சொல்லிவிட்டுத் தன் கம்பளியோடு பாறை மறைவுக்குப் போய்விட்டான். வெளியே காற்று காதை அறுத்தது. இவர்கள் உள்ளேயே உட்கார்ந்தார்கள்.

சாப்பிட ஆரம்பித்ததுமே ராஜிக்தான் விளையாடினான். அவர்கள் ஊரான அதிராம்பட்டினத்தில் கல்யாணச் சாப்பாடு என்றால் ஒரு சஹனுக்கு நாலு பேர். மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் பரிமாறுகிறவர் பந்தலைப் பார்த்துக் குரல் கொடுப்பார். யாராவது வந்து உட்காருவார்கள். தெரிந்தவரா, தெரியாதவரா என்று எவரும் கேட்பதில்லை. அதே குரலில், அதே ராகத்தில், ராஜிக் அந்த ஜாடிகளைப் பார்த்துக் கூவினான்.

"சஹன்ல ஒரு ஆள் குறையுது! யாராச்சும் வாங்க!"

சித்தீக்குக்குச் சிரிப்பில் புரையேறியது. ஹபீபும் சிரித்தான். சிரித்ததை நினைத்து மறுநாள் பகல் முழுவதும் அவன் தன்னையே நொந்துகொண்டான்.

ஏனென்றால் மறுநாள் காலையிலிருந்தே ராஜிக்குக்குப் பசித்தது.

எழுந்ததும் ரொட்டி கேட்டான். தின்றான். நடக்க ஆரம்பித்ததும் பேரீச்சம்பழம் கேட்டான். சித்தீக்கின் பிஸ்கட்டையும் தின்றான். பெருநாள் குர்பானி இறைச்சியை வறுத்து டப்பாவில் எடுத்து வந்திருந்தார்கள். போகிற போக்கில் அதில் கையை விட்டு அள்ளி அள்ளி வாயில் போட்டான். "எவ்வளவு தின்னாலும் உள்ளே போய்ச் சேரவே மாட்டேங்குது காக்கா," என்று சிரித்தான். மதியத்துக்குள் அந்தச் சிரிப்பும் போயிற்று. கன்னம் ஒட்டிவிட்டது. கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை வழுக்கிப் போனது. ஒரே பகலில் ஒரு ஆள் இப்படிக் கரைவானா?

வாப்பா மௌத்தானபோது ராஜிக்குக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், விசா எடுத்து துபாய்க்குக் கூட்டி வந்ததும் ஹபீப்தான். அடுத்த மாதம் ஊரில் நிக்காஹ். பெண் வீட்டில் பந்தல்காரனுக்கு முன்பணம்கூடக் கொடுத்தாயிற்று. உம்மாவுக்கு இவனை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதைத் தவிர ஹபீபுக்கு இப்போது உலகத்தில் வேறு வேலை இல்லை.

மலைவிளிம்பில் வழி குறுகிய இடத்தில் சுலைமான் எல்லோரையும் கயிற்றில் கோத்தான். முன்னால் அவன், அடுத்து சித்தீக், அப்புறம் ராஜிக், கடைசியில் ஹபீப். கீழே பள்ளம் சாம்பல் நிறத்தில் வாயைத் திறந்து கிடந்தது. ஹபீபின் இடுப்புக்குப் பின்னால் மிச்சக் கயிறு பாறையில் உரசிக்கொண்டு இழுபட்டு வந்தது. பாதி தூரத்தில் அந்த உரசல் நின்றது. அப்புறம், பின்னாலிருந்து, ஒரு இழுப்பு. பலமாக இல்லை. துணி வாங்க வந்தவள் புடவையின் நுனியைப் பிடித்துப் பார்ப்பாளே, அந்த மாதிரி. அவன் திரும்பிப் பார்த்தான். வழி காலியாக இருந்தது. கயிறு மட்டும் தரையில் படாமல் விறைத்து நின்றது. பிறகு தொய்ந்து விழுந்தது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது.

மாலையில் இரண்டாவது வீடு கண்ணுக்குத் தெரிந்தபோது சுலைமான் நின்றான். ராஜிக்கின் முகத்தையே நெடுநேரம் பார்த்தான். பிறகு ஹபீபை ஓரமாகக் கூட்டிப்போனான்.

"ராத் கோ கிதர் காயா?" நேற்று எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்டான்.

"உள்ளேதான் பாய்."

"கிஸ்கோ புலாயா?"

யாரைக் கூப்பிட்டீர்கள். கூப்பிட்டதைப் பற்றி ஹபீப் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அவன் கண் ராஜிக்கின் பக்கம் போனது.

சுலைமான் தரையில் துப்பினான். உருதுவும் அரபியுமாக மெதுவாகச் சொன்னான். ஒரு கோடையில் ஒருவன் உள்ளே இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டுப் போனார்களாம். அது எந்த வீடு என்று இப்போது யாருக்கும் தெரியாதாம். தெரிந்தும் பிரயோசனமில்லையாம், எல்லா வீட்டிலும் அவன் உண்டாம். கூப்பிடாமல் வரமாட்டான். கூப்பிட்டால், சாப்பாடு முடிந்தாலும் எழுந்திருக்க மாட்டான். இன்று ராத்திரி யாரும் சோற்றில் கை வைக்க வேண்டாம். விடிந்ததும் கீழே இறங்கிவிடலாம். "கலாஸ்," அவ்வளவுதான் என்று முடித்தான்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. வருஷம் பூராவும் பெய்யாத மழை. கீழே பள்ளத்தில் வெள்ளம் உருள்கிற சத்தம் கேட்டது. இறங்கவும் முடியாது, வெளியே நிற்கவும் முடியாது. சுலைமான் பூட்டைத் திறந்துவிட்டான். தான் மட்டும் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நனைந்துகொண்டு நின்றான்.

உள்ளே ராஜிக் ஜாடியில் சாய்ந்து கிடந்தான். உதடு வெளிறி, பல் தெரிந்தது.

"காக்கா, சோறு."

"விடியட்டும்டா."

"காக்கா, ஒரு வாய். ஒரே ஒரு வாய் காக்கா."

ஹபீப் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை. தம்பியின் மார்பில் காதை வைத்துப் பார்த்தான். துடிப்பு எங்கேயோ தூரத்தில் கேட்டது. இவன் விடிகிற வரை தாங்க மாட்டான். அது மட்டும் நிச்சயம். மலைக்காரன் சொன்ன கதை நிச்சயமில்லை.

"தட்டை எடு சித்தீக்," என்றான்.

"மச்சான், அந்த ஆளு சொன்னாரே..."

"எடுன்னா எடு!"

இடத்தை அவன் யோசித்துத்தான் வைத்தான். சஹனின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டும்படி மூலையில் போட்டான். ஜாடி இருந்த பக்கம், ஜாடிக்கும் தட்டுக்கும் நடுவே, தானே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். எதிரே ராஜிக். இடைவெளி தெரியாதபடி சித்தீக்கை முட்டியை அகட்டி உட்கார வைத்தான். இனி ஒரு ஆள் நுழைய வழி இல்லை. மிச்சமிருந்த சோற்றையும் இறைச்சியையும் கொட்டினான். "பிஸ்மில்லாஹ்," என்றான். குரல் வாயருகிலேயே நின்றது.

ராஜிக் தின்றான். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்த மாதிரி இருந்தது. ஹபீபுக்கு அழுகை வந்தது. இறைச்சித் துண்டுகளைப் பொறுக்கி அவன் பக்கம் தள்ளினான். இன்னும் தள்ளினான்.

விளக்கு மங்கியது. சித்தீக் அதைத் தட்டினான். ஒரு தடவை பிரகாசித்து அணைந்தது.

இருட்டு.

மழைச் சத்தம் கூரைக் கல்லின் மேல் எங்கோ உயரத்தில் கேட்டது. உள்ளே மெல்லுகிற சத்தம். தட்டில் விரல் வழிக்கிற சத்தம்.

"மச்சான்," சித்தீக் கிசுகிசுத்தான், "நான் கைய எடுத்துட்டேன்."

ஹபீபும் எடுத்திருந்தான். அவன் இரண்டு கையும் மடியில் இருந்தன.

தட்டில் விரல்கள் வழித்தன. எதிர்ப் பக்கத்திலிருந்து ஒன்று. அவன் மடிக்கு நேர் முன்னாலிருந்து, அவனுடைய பக்கத்திலிருந்தே, இன்னொன்று.

"ராஜிக்." மூச்சு வரவில்லை. "ரெண்டு கையாலயா திங்கிற?"

"இல்ல காக்கா." வாய் நிறையச் சோறோடு, சந்தோஷமாக. "என் கை கீழேதான் இருக்கு. நீங்கதானே ஊட்டுறீங்க."

பிறகு, கெஞ்சலாக:

"நிறுத்தாதீங்க."

சித்தீக் அலறிக்கொண்டு படியில் விழுந்தடித்து ஏறினான். ஹபீப் தட்டின் மேல் பாய்ந்தான். சோறு. எலும்பு. நெய். ஒரு மணிக்கட்டு கையில் சிக்கியது. மெலிந்த மணிக்கட்டு. என் தம்பி, என் தம்பி. பிடித்து இழுத்தான். எதிர்ப்பில்லாமல் வந்தது. குனிந்து, முழங்கால் கல்லில் கிழிய, இழுத்துக்கொண்டே ஏறினான். தலை வாசலில் இடித்தது. காற்று. மழை. வெளியே!

சுலைமான் நிழல்களை எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. உடனே கதவைத் தள்ளிச் சாத்தினான். சாவியைப் போட்டு முறுக்கினான். உருவி எடுத்தான். கையை ஓங்கிப் பள்ளத்துக்குள் வீசினான். இரும்பு பாறைக்குப் பாறை மோதிக்கொண்டு இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"கலாஸ்," என்றான். "கலாஸ்."

ஹபீப் மூச்சு வாங்கினான். அல்ஹம்துலில்லாஹ் என்றான். கைக்குள் இருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டான். நெய்யும் மழையும் கலந்து வழுக்கியது. அவன் விடவில்லை.

உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது. மெதுவாக.

"காக்கா?"

ராஜிக்கின் குரல். ஜாடிகளுக்கு நடுவிலிருந்து, மண்ணுக்குக் கீழிருந்து.

"காக்கா, எங்கே போயிட்டீங்க? கதவு ஏன் சாத்தியிருக்கு?"

சித்தீக் செல்போனின் சின்ன டார்ச்சை அழுத்தினான். வெளிச்சம் பூட்டில் விழுந்தது. சுலைமானின் வெறுங்கையில் விழுந்தது. மெல்லத் திரும்பி ஹபீபின் கைக்கு வந்தது. அங்கிருந்து மேலே போனது. நின்றது.

சித்தீக் ஒரு அடி பின்னால் வைத்தான். இன்னொரு அடி. செல்போன் கீழே விழுந்து அணைந்தது.

"காக்கா, பசிக்குது."

ஹபீப் கையை விட்டான். கை அவனை விடவில்லை.

அவன் உள்ளங்கையில் அந்த விரல்கள் அசைந்தன. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, பொறுமையாக வழித்தன. பிறகு குவிந்தன. கவளம் உருட்டத் தொடங்கின.