நுரைவிட்டுச் சண்டை போட்ட கிருமிகள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிப் பிள்ளைகளின் முழங்கால்களுக்கு ஓய்வே கிடையாது, பாவம். பாறையில் வழுக்கி விழுவார்கள். கம்பவுண்டர் காயத்தில் மருந்து ஊற்றுவார். அது புஸ்ஸென்று நுரைக்கும். "பாத்தியா, கிருமி சாவுது!" என்பார்கள் பெரியவர்கள். ஊரே அதை நம்பியது.

ஏழாம் வகுப்பு குழல்வாய்மொழி மட்டும் நம்பவில்லை.

1982-ஆம் வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. அவளுடைய தோழி ஜன்னத், வடகரையிலிருந்து ஒரு பிடி வைக்கோல் கொண்டுவந்தாள். அதைத் தண்ணீரில் ஊறப் போட்டார்கள். சில நாளில் மேலே பாலாடை போல ஒரு படலம் மிதந்தது. அவ்வளவும் பாக்டீரியாக்கள்! அதில் ஒரு சொட்டுக் காய மருந்து விட்டதும் நுரை பொங்கியது.

'கிருமிகள் எதிர்த்துப் போராடுகின்றன' என்று அட்டையில் பெரிதாக எழுதி வைத்தாள் குழல்வாய்மொழி.

திங்கட்கிழமை மேசைகளைப் பார்வையிட வந்த அய்யாத்துரை சார் முகம் சுளித்தார்.

"என்னட்டி இது? சாகுதுன்னு மாத்து."

"இல்ல சார். மூச்சுவிடுத உயிருக்குள்ள எல்லாம் இந்த மருந்து மாதிரி ஒரு விஷம் தானாவே கொஞ்சம் ஊறும். அதைத் தண்ணியாவும் ஆக்சிஜனாவும் உடைக்க, பாக்டீரியாவுக்குள்ள கேட்டலேஸ்னு ஒரு புரதம் இருக்கு. அந்த ஆக்சிஜன்தான் நுரை. வேகவச்சா புரதம் கெட்டுரும், நுரை வராது. பாருங்க!"

வேகவைத்த படலத்தில் மருந்தை விட்டாள். நுரைக்கவே இல்லை.

சார் சிரித்தார். "செத்தது மறுபடி எப்படிட்டி சாவும்? அதான் நுரைக்கல."

குழல்வாய்மொழிக்குக் காதெல்லாம் சுட்டது.

"வியாழக்கிழமை பெரிய சார் வருதாங்க. அதுக்குள்ள அந்த வரியை அடி. இல்லன்னா மேசையை எடுத்திருவேன்."

"அடிக்க மாட்டேன், சார்."

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. ஜன்னத் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, சும்மா இரு!"

அவள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஓடி, வைக்கோல் தண்ணீரை இரண்டு சீசாக்களில் ஊற்றிப் பஞ்சால் அடைத்தாள். அம்மாவின் குக்கரில் வைத்து, உள்ளே இருந்த கிருமிகள் அத்தனையும் சாக விசில் மேல் விசில் விட்டாள். "சாம்பாருக்குக் குக்கர் எங்கட்டி?" என்று அம்மா கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை.

மறுநாள் சாரிடம் போனாள். "நுரைச்ச படலத்துலேருந்து ஒரு சொட்டு, ஒரு சீசாவுல மட்டும் விடுதேன். எல்லாம் செத்திருந்தா ஒண்ணும் வளராதுல்லா? ரெண்டு சீசா வாயிலயும் நீங்களே காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போடுங்க, சார்."

"பிடிவாதத்தைப் பாரு!" என்றார் சார். ஆனாலும் ஒட்டினார்.

வியாழக்கிழமை காலை சார் இரண்டு சீசாவையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒன்று தெளிவாக இருந்தது. சொட்டு விட்டதில் கெட்டியாகப் படலம் படிந்திருந்தது. தன் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"கொஞ்சம் செத்திருக்கும் சார்," என்றாள் குழல்வாய்மொழி. "எல்லாம் சாகல."

அவர் மருந்தை எடுத்து, அந்தப் புதுப் படலத்தில் ஒரு சொட்டு விட்டார். புஸ்ஸென்று நுரை பொங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்து குனிந்தார். "என்ன அய்யாத்துரை, கிருமி சாவுதா?"

குழல்வாய்மொழி அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சார்," என்றார் அய்யாத்துரை சார். "சண்டை போடுது."