நல்லா பிடிச்சிருக்கு

கட்டிலில் காலை நீட்டி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்தபடி, யாரோ தைக்கக் கொடுத்த சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்த தையல்காரிக்கு, காலை பதினொரு மணி வாக்கில் இடது முழங்கால் மடங்கவில்லை என்பது தெரிந்தது.

மாவுக்கட்டு முழங்காலுக்குக் கீழேதான். நேற்றுவரை மடங்கிய கால்.

படியில் விழுந்து முறிந்த கீழ்க்கால் எலும்பு எட்டு மாதமாகியும் கூடாமல் அடம்பிடித்தது. அதனால் போன மாதம், இறந்துபோன யாரோ ஒருவர் தானமாகத் தந்த எலும்பைத் துண்டுகளாக்கி இடைவெளியில் அடைத்து, தகடு வைத்துத் தைத்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா, அதுல உயிர் கிடையாது" என்றார் எலும்பு டாக்டர். "வெறும் சாரம். சாரம் கட்டினா கொத்தனார் ஏறி வேலை பாக்கறாரில்ல? அந்த மாதிரி உங்க எலும்பு அதுமேல ஏறி வளரும்."

போன வாரம் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு வருஷ வளர்ச்சி ஒரே மாசத்துல. நல்லா பிடிச்சிருக்கு."

இப்போது வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. கீழே தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஸ்பிரிட்டும் நனைந்த சுண்ணாம்பும் கலந்த வாடை கட்டுக்குள்ளிருந்து மெல்ல ஏறி வந்தது. லாரி கிளம்பிப் போனபின் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ கற்கண்டை அவசரமில்லாமல் கடிப்பதுபோல, தொடைக்குள்ளே.

தொட்டுப் பார்த்தாள். சதைக்கு அடியில், மேசைப் பலகை மாதிரி இருந்தது.

கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, முழங்கால் மடங்க மாட்டேங்குது."

"படுத்தே கிடந்தா மரத்துத்தான் போகும்."

"மரத்துப் போகலைங்க. உள்ள என்னமோ வளருது."

"வளரணும்னுதானே வச்சாங்க?" என்று சிரித்தார். "சாயங்காலம் வந்து பாக்கறேன், இப்ப மேனேஜர் கூப்பிடறார்."

நாலாவது மாடி. மணியடித்தால் எழுந்து வந்து விழுந்து வைப்பாள் என்று, தினமும் வெளியே பூட்டிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். அந்த ஏற்பாட்டுக்குச் சரி என்றவளும் அவள்தான்.

இறங்கிவிட வேண்டும், எப்படியாவது வாசல்வரை ஊர்ந்துபோய்க் கத்த வேண்டும் என்று வலது காலைக் கீழே போட முயன்றாள். அது நகரவில்லை. இடுப்பு அசையவில்லை. சத்தம் முதுகுக்கு வந்திருந்தது. முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணியாக. பின்னால் நின்று யாரோ அவளை நிமிர்த்துவதுபோல் உடம்பு தலையணையை விட்டு எழுந்தது. வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

போன் விரல் எட்டும் தூரத்தில் கிடந்தது. விரல் எட்டவில்லை.

கத்தினாள். பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. மறுபடி கத்த வாயைத் திறக்கப் பார்த்தாள்.

திறக்கவில்லை.

மூச்சு மட்டும் மூக்கு வழியே. கொஞ்சமாக. இன்னும் கொஞ்சமாக.

ஆறு மணிக்குப் பூட்டு திறந்தது. கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடடே. எதுலயும் சாயாம உக்காந்திருக்கே."

சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியது. அவள் விரலிடுக்கிலிருந்து சட்டையை மெல்ல உருவி மடித்து வைத்தார். தலையணைகளை எடுத்து அலமாரியில் போட்டார். டாக்டரை அழைத்து, அவளும் கேட்கட்டும் என்று போனை அவள் பக்கம் பிடித்தார்.

"நான்தான் சொன்னேனே சார்" என்றது போன். "அவங்கள யாரும் தொந்தரவு பண்ணாதீங்க, அப்படியே—"

அதோடு எல்லாச் சத்தமும் நின்றது. கணவரின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

கண்ணை உருட்டினாள். இடது. வலது. இடது. வலது.

அவர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். பதிலுக்குத் தானும் கண்ணை உருட்டிக் காட்டினார்.

அப்போது பார்வையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வழவழப்பாக, ஈரமாக. இரண்டு பக்கமிருந்தும் அது நடுவை நோக்கி வந்தது. மிச்சமிருந்த இடுக்கில் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.