உருளையில் நேர்கோடு

மேசையில் கீறிக் கிடத்தியிருந்த தவளையின் இதயம் துடித்த அதே நொடியில்தான் ஆய்வகத்தில் எடுபிடி வேலை பார்க்கும் வெயிலம்மாளின் நெஞ்சும் துடித்தது. ஏதோ பொருந்திப்போயிற்று என்று நினைத்தாள். ஐம்பது வரை எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூட விலகவில்லை.

வெளியே ஐப்பசி மழை கரிசலைச் சேறாக்கிக்கொண்டிருந்தது. கல்லூரி ஆய்வகம் பட்டப்பகலிலேயே இருண்டு கிடக்க, ஃபார்மலின் நெடிக்கு நடுவே, புகைக்கரி பூசிய உருளை முனகிக்கொண்டு சுற்ற, தவளையின் இதயத்தில் கோத்த நூல் இழுத்த இழுப்புக்கெல்லாம் ஊசி அந்தக் கரியில் வெள்ளை அலைகளைக் கீறிக்கொண்டே போனது.

"அசிட்டைல்கோலின எங்கட்டி வச்ச?" என்றார் டெமான்ஸ்ட்ரேட்டர் சங்கரபாண்டியன்.

பம்பாயிலிருந்து ஆராய்ச்சிக்கென்று வந்த குப்பியை நீட்டினாள். நரம்பு இதயத்துக்குச் சொல்லும் சேதியே இந்தத் தூள்தான், இதைக் கரைத்து விட்டால் இதயம் நிற்கும், உப்புநீரில் கழுவினால் திரும்பத் துடிக்கும் என்று அவர் மாணவர்களிடம் சொல்லக் கேட்டிருக்கிறாள். அவள் மூடியைச் சரியாகத் திருகாததில் தூள் ஈரத்தை இழுத்துக் கூழானது அவருக்குத் தெரியாது. முன்பு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி காயவைத்துப் பழகிய கை. தகரத்தில் பரப்பி, மழை விட்ட நேரத்து வெயிலில் காயவைத்து, விரலால் கிளறி, ஈரம் போயிற்றா என்று நாக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடைத்துவிட்டாள். தெரிந்தால் வேலை போய்விடும்.

தூளைக் கரைத்து, தவளையின் இதயத்தில் ஒரு சொட்டு விட்டார்.

அலை படுத்தது. அவள் நெஞ்சுக்குள் ஓசை இல்லை. உப்புநீர் ஊற்றினார். அலை எழுந்தது. நெஞ்சும் எழுந்தது.

"போதும் சார்."

"ஏன், தவள ஒனக்கு மாமனா, மச்சானா?"

"எனக்கு நெஞ்சு நிக்கி சார்."

"வேலன்னா மட்டும் ஒனக்கு ஒரு நோவு வந்துரும்."

"இல்ல சார், அந்த மருந்து…"

"மருந்துக்கு என்ன?" குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "என்னட்டி செஞ்ச?"

காயவைத்த கதை வாய் வரை வந்தது.

"ஒண்ணும் செய்யல சார்."

"அப்பம் பொத்திக்கிட்டு நில்லு."

இந்த முறை சொட்டுக்குழாய் நிறைய விட்டார்.

நேர்கோடு.

கழுவினார். நேர்கோடு. மறுபடியும் கழுவினார். நேர்கோடு.

விழப்போகிறோம் என்று காத்திருந்தாள். விழவில்லை. மூச்சை இழுக்க மறந்திருந்தாள். இழுக்கத் தேவைப்படவும் இல்லை.

"செத்துட்டு. அடுத்தத எடுத்துட்டு வா."

கால்கள் நடந்தன. தொட்டிக்குள் கை போனது. தண்ணீரின் குளிர் தெரியவில்லை. ஒரு தவளையைப் பிடித்து, கையோடு சேர்த்து நெஞ்சில் அழுத்திக்கொண்டாள்.

துடித்தது.

தவளையின் நெஞ்சு மட்டும்.

"இங்க கொண்டாட்டி" என்றார் சங்கரபாண்டியன், கத்தியைத் துடைத்துக்கொண்டே.